நூறு டாலர் வில்லை பத்து டாலரான கதை

கண் தெரியாமல் போவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆனால் உலகில் பார்வை இழந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினருக்கு ஒரே ஒரு காரணம்தான். கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் வயதாக ஆக மங்கிப்போய், கடைசியில் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். வெளிச்சம் உள்ளே போகாது. கிராமத்தில் "புரை விழுந்திருச்சு" என்று சொல்வார்களே, அதுதான்.

இதில் வேதனையான விஷயம் என்னவென்றால், இது தீராத நோயே அல்ல. ஒரு சின்ன ஆபரேஷன் போதும். பயிற்சி பெற்ற டாக்டருக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. அடுத்த நாள் கட்டைப் பிரித்தால் எதிரே நிற்கும் பேரனின் முகம் தெரியும்.

அப்படியென்றால் இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை இந்தியாவிலும் நேபாளத்திலும் ஆப்பிரிக்காவிலும் லட்சக்கணக்கான ஏழைகள் ஏன் இருட்டிலேயே வாழ்ந்து, இருட்டிலேயே செத்துப் போனார்கள்? இந்தக் கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் பாதி பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊசியில் தொடங்கிய வைத்தியம்

கண்புரைக்கு வைத்தியம் பார்ப்பது புதிய விஷயம் அல்ல. சுசுருத சம்ஹிதையிலேயே அதற்கான முறை சொல்லப்பட்டிருக்கிறது. கூரான கருவியைக் கண்ணுக்குள் செலுத்தி, வெளுத்துப்போன லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். திரை விலகியது போல வெளிச்சம் தெரியும். ஆனால் தள்ளிய லென்ஸ் கண்ணுக்குள்ளேயேதான் கிடக்கும். பலருக்குச் சீழ் பிடித்து, இருந்த பார்வையும் போய்விடும். இந்த முறையைச் செய்யும் நாடோடி வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இந்தியக் கிராமங்களில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

1747ல் பிரான்ஸைச் சேர்ந்த ழாக் தவியேல் என்ற மருத்துவர், லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுத்துவிடும் ஆபரேஷனைச் செய்தார். இன்றைய கண்புரை ஆபரேஷன்களுக்கு அதுவே தொடக்கம். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் மயக்க மருந்து, கிருமி நீக்கம், மெல்லிய தையல் நூல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. லென்ஸை எடுத்துவிட்டால் அந்தக் கண்ணில் லென்ஸே இருக்காது. லென்ஸ் இல்லாத கேமராவில் படம் எப்படி விழும்? அதற்காக ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மிகத் தடிமனான கண்ணாடி கொடுத்தார்கள். நம் ஊரில் "சோடாபுட்டிக் கண்ணாடி" என்று கேலி செய்வோமே, அதுதான்.

அந்தக் கண்ணாடியைப் போட்டவர்களுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். நடுவில் மட்டும்தான் தெளிவு, ஓரங்கள் வளைந்து தெரியும். படி இறங்கும்போது கால் எங்கே வைப்பது என்று தடுமாறுவார்கள். ஒரு கண் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணிலும் இரண்டு அளவில் உருவம் தெரிந்து தலை சுற்றும்.

இதெல்லாம் கூடப் பழகிவிடும். ஆனால் வயலில் வேலை செய்யும் ஒருவருக்கு அந்தக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால்? புதிதாக வாங்கக் காசு இல்லை, வாங்கும் கடையும் பக்கத்தில் இல்லை. ஆபரேஷன் வெற்றி, ஆனால் மனிதர் மறுபடி குருடர். பிற்காலத்தில் இந்தியக் கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்புகளில், ஆபரேஷன் செய்துகொண்டும் பார்வை இல்லாமல் இருந்தவர்களில் பலருக்கு இந்தக் கண்ணாடி இல்லாததே ஒரு முக்கியக் காரணம் என்று தெரியவந்தது.

போர் விமானத்திலிருந்து வந்த யோசனை

இந்தக் குறைக்கு விடை கிடைத்தது இரண்டாம் உலகப் போரில்! பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானங்களில் விமானியைச் சுற்றியிருந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு அது சிதறும்போது துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விடும். இப்படிக் காயம்பட்டவர்களைக் கவனித்த லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி ஓர் ஆச்சரியத்தைக் கண்டார். சாதாரணமாகக் கண்ணுக்குள் அந்நியப் பொருள் போனால் வீக்கமும் சீழும் வரும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள்ளேயே சும்மா கிடந்தன.

பிறகு ஒருநாள் அவர் கண்புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறு லென்ஸ் வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி ரிட்லியை விடவில்லை. அதே பிளாஸ்டிக்கில் சின்ன வில்லை செய்து, 1949 நவம்பரில் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். உலகின் முதல் செயற்கைக் கண் லென்ஸ் அதுதான்.

பாராட்டு மழை பொழிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவர் வேலை, உள்ளே வைப்பதல்ல என்று அந்தக் காலத்துப் பெரிய கண் மருத்துவர்களே எதிர்த்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உலகம் அவர் வழிக்கு வந்தது. 2000ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. முதுமையில் ரிட்லிக்கும் கண்புரை வந்தது. அவர் கண்ணிலும் அவர் கண்டுபிடித்த அதே வகை லென்ஸைத்தான் வைத்தார்கள்.

1980களில் பணக்கார நாடுகளில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது சாதாரணமாகிவிட்டது. சோடாபுட்டிக் கண்ணாடிகள் அங்கே மறையத் தொடங்கின. ஏழை நாடுகளில்? ஒரு வில்லையின் விலை சுமார் 100 டாலர். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, அவர்களுக்குப் பழைய ஆபரேஷனும் தடிமன் கண்ணாடியும் போதும் என்பதே அன்றைய நிபுணர்கள் பலரின் கருத்து.

வடமலாபுரத்து டாக்டர்

இந்த இடத்தில் கதை மதுரைக்கு வருகிறது.

எட்டயபுரம் அருகே வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்தில் 1918 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஊர்ப் பள்ளியில் பென்சிலும் காகிதமும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் படிப்பு. சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் மூவர் பிரசவத்தை ஒட்டி இறந்துபோனதைப் பார்த்தவர். ஊரில் டாக்டர் இல்லை. அதனால் தானே மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார்.

1944ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஆனால் முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. கை விரல்கள் கோணிப்போய் நிரந்தரமாக மடங்கிவிட்டன. 1948ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்தக் கையால் இனி பிரசவம் பார்க்க முடியாது.

அவர் திரும்பிப்போய்க் கண் மருத்துவம் படித்தார். தன் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கோணல் விரல்களால் தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

1956ல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அங்கே ஒன்றைப் புரிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் கிராமத்துக் குருடர் வரமாட்டார், வரவும் முடியாது. அதனால் 1960களிலிருந்து ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ ஒன்றிரண்டு நாட்களுக்கு ஆஸ்பத்திரியாக மாறும். 1973ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1976ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

பதினொரு படுக்கைகள்

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் இந்த வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. அதே 1976ல், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் மேல் கொண்ட பற்றால் அதற்கு அரவிந்த் என்று பெயர் வைத்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே வந்து சேர்ந்தது.

ஓய்வு பெற்ற ஒருவர், கையில் பணமில்லாமல், பாதி நோயாளிகளுக்கு இலவசமாகச் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? கொடுக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள். நகைகளை அடகு வைத்தார்கள். கட்டணம் கொடுத்த நோயாளிகளிடமிருந்து மிஞ்சிய பணத்தில் அடுத்த கட்டடம், அதில் மிஞ்சியதில் அடுத்தது என்று வளர்ந்தது. 1985ல் தேனி, 1988ல் திருநெல்வேலி, 1997ல் கோயம்புத்தூர், 2003ல் புதுச்சேரி என்று கிளைகள் வந்தன.

வெங்கடசாமி அடிக்கடி சொன்ன உதாரணம் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. மெக்டொனால்ட்ஸ்! உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கடைகளில், ஒரே தரத்தில், குறைந்த விலையில் பர்கர் விற்க முடியுமென்றால், கண் ஆபரேஷனை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார்.

ஆபரேஷன் அறையில் அது இப்படி நடக்கும். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கண்ணைக் கழுவுவது, மருந்து போடுவது, கட்டுப் போடுவது, பரிசோதனை எடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்த இளம்பெண்களின் வேலை. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்வார். இதனால் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்தார். நாட்டின் சராசரியைப்போலப் பல மடங்கு இது. 1993ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியே இந்த மருத்துவமனையைப் பாடமாக எழுதியது.

ஒரு சின்னக் கணக்கு

இலவசமாகக் கொடுத்தும் எப்படி நஷ்டமாகவில்லை? காமர்ஸ் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். நிலையான செலவு, மாறும் செலவு. கீழே இருப்பது வெறும் உதாரணக் கணக்குதான், எந்த மருத்துவமனையின் உண்மைக் கணக்கும் அல்ல.

ஒரு கண் மருத்துவமனைக்குக் கட்டடம், கருவி, சம்பளம் என்று மாதம் 10 லட்சம் ரூபாய் நிலையான செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மருந்து, நூல், சாப்பாடு என்று 1,000 ரூபாய் மாறும் செலவு. நூற்றில் 40 பேர் 4,500 ரூபாய் கட்டணம் கொடுக்கிறார்கள், 60 பேருக்கு இலவசம்.

மாதம் 200 ஆபரேஷன் நடந்தால்: செலவு 12 லட்சம். கட்டணம் கொடுப்பவர்கள் 80 பேர், வருமானம் 3 லட்சத்து 60 ஆயிரம். மருத்துவமனையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதே மருத்துவமனையில் மாதம் 2,000 ஆபரேஷன் நடந்தால்: செலவு 30 லட்சம். கட்டணம் கொடுப்பவர்கள் 800 பேர், வருமானம் 36 லட்சம். 1,200 பேருக்கு இலவசமாகச் செய்த பிறகும் 6 லட்சம் மிச்சம்!

விலையை ஏற்றவில்லை. இலவசத்தைக் குறைக்கவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் கூடியது. டாக்டருக்கு இரண்டு மேசை போட்டதன் அர்த்தம் இதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. யார் பணம் கட்டுவது, யார் இலவசம் என்று முடிவு செய்ய வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் போவது என்று நோயாளியே முடிவு செய்யலாம். இலவசப் பிரிவில் கட்டிலுக்குப் பதில் பாய். ஏசி அறை கிடையாது. டாக்டர் ஒன்றுதான்.

இரண்டு வரிசை

ஆனால் 1980களில் ஒரு விஷயம் மட்டும் ஒன்றாக இல்லை. பணம் கட்டியவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். முகாமிலிருந்து வந்த ஏழைகள் பெரும்பாலோருக்குப் பழைய ஆபரேஷனும் சோடாபுட்டிக் கண்ணாடியும்தான்.

இது யாருடைய கல்நெஞ்சமும் அல்ல. மேலே போட்ட கணக்கிலேயே காரணம் தெரியும். 100 டாலர் வில்லையை உதாரணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆபரேஷனின் மாறும் செலவும் 1,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாயாக ஏறிவிடும். 2,000 ஆபரேஷனுக்கு மொத்தச் செலவு 80 லட்சம், வருமானம் அதே 36 லட்சம். எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் நஷ்டமும் கூடத்தான் செய்யும். ஏனென்றால் இது நிலையான செலவு அல்ல, மாறும் செலவு. இரண்டு மேசை வித்தை இங்கே பலிக்காது.

நன்கொடையாக வந்த லென்ஸ்களை வைத்துச் சமாளித்தார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் கொடுத்த வில்லைகள் சேவா போன்ற தொண்டு அமைப்புகள் மூலம் மதுரைக்கு வந்தன. ஆனால் தானமாக வருவதை நம்பி எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? கொடுப்பவர் மனம் மாறினால் முடிந்தது. விலையையே குறைத்தால் ஒழிய ஏழைக்கு எப்போதும் இரண்டாம் தரம்தான்.

ஆரோலேப்

சேவா அமைப்போடு இருந்த டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர், நன்கொடை கேட்பதை விட்டுவிட்டு, இந்த வில்லையைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார். விரல் நகத்தை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. மூலப்பொருளின் விலை மிகக் குறைவு. நுட்பமாகக் கடைந்து, மெருகேற்றி, கிருமி நீக்கிப் பெட்டியில் அடைக்க வேண்டும். விற்பனை விலைக்கும் தயாரிப்புச் செலவுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அப்படியானால் நாமே செய்தால் என்ன? கேட்டவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு நுட்பமான பொருளை மதுரையில் செய்வதா, தரம் இருக்குமா, வெளிநாட்டு நிறுவனங்கள் தொழில்நுட்பம் கொடுக்குமா என்று சந்தேகங்கள். கடைசியில் ஓர் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி, 1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. இங்கேயும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள்.

100 டாலர் வில்லை சுமார் 10 டாலருக்கு வந்தது. பிறகு 5 டாலருக்கும் கீழே இறங்கியது.

மறுபடி நம் கணக்குக்கு வருவோம். 10 டாலர் என்றால் அன்று சுமார் 250 ரூபாய். மாறும் செலவு 1,250. 2,000 ஆபரேஷனுக்குச் செலவு 35 லட்சம். வருமானம் 36 லட்சம். பாயில் படுத்திருப்பவருக்கும் ஏசி அறையில் படுத்திருப்பவருக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைத்த பிறகும் ஒரு லட்சம் மிச்சம். இரண்டு வரிசையும் ஒன்றாவதற்கு இந்த ஒரு விலைக் குறைவுதான் தேவைப்பட்டது.

உள்ளே வைக்கும் லென்ஸ் உண்மையிலேயே கிராமத்து ஏழைக்கு நல்லதா, அல்லது வெறும் ஆடம்பரமா என்ற கேள்விக்கும் மதுரையிலேயே பதில் தேடினார்கள். இரண்டு கண்ணும் புரையால் மறைந்த 3,400 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பழைய ஆபரேஷன், இன்னொன்றுக்கு லென்ஸ் வைக்கும் ஆபரேஷன் செய்து ஒப்பிட்டார்கள். 1998ல் வெளியான முடிவு, லென்ஸ் வைப்பது பாதுகாப்பானது, பார்வையும் வாழ்க்கையும் அதில் இன்னும் மேம்படுகிறது என்பதைக் காட்டியது. ஏழைக்கு இது போதும் என்ற பழைய வாதம் அதோடு வலுவிழந்தது.

மதுரை மட்டும் அல்ல. அதே காலத்தில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸும் இதே யோசனையோடு இருந்தார். நேபாளத்திலும் எரித்திரியாவிலும் லென்ஸ் தொழிற்சாலை அமைக்க வேண்டும் என்று பாடுபட்ட அவர் 1993ல் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே காத்மாண்டுவிலும் அஸ்மாராவிலும் வில்லைகள் தயாராகத் தொடங்கின. காத்மாண்டுவின் தில்கங்கா மருத்துவமனையில் டாக்டர் சந்துக் ரூயித், தையலே போடாமல் சிறு வெட்டு வழியாக வில்லை வைக்கும் முறையை மலைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்.

இந்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 1976லேயே தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியிருந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடந்தது. அந்தத் திட்டம் தொடங்கிய 1994ல் நாட்டில் நடந்த கண்புரை ஆபரேஷன்களில் லென்ஸ் வைத்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. 2012 வாக்கில் அது 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இருபது வருடத்துக்குள் சோடாபுட்டிக் கண்ணாடி நம் ஊரிலிருந்து காணாமல் போனது இப்படித்தான்.

இலவசம் என்றாலும் ஏன் வரவில்லை?

இத்தோடு கதை சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் முடியாது.

ஆபரேஷன் இலவசம், லென்ஸும் வந்துவிட்டது. ஊருக்குள் தண்டோரா போட்டு, நோட்டீஸ் ஒட்டி முகாமும் நடத்துகிறார்கள். அப்படியும் கண் தெரியாதவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடத்தி 1999ல் வெளியான ஓர் ஆய்வு அதிர்ச்சி தந்தது. முகாம் நடந்த ஊர்களில் கண்ணில் குறை இருந்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் அந்த முகாமுக்கே வந்திருந்தார்கள்.

ஏன்? காரணங்களைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டி பேசுவது போலவே இருக்கும். வயசானால் கண் போகத்தானே செய்யும். கத்தி வைத்தால் இருக்கிறதும் போய்விடும். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. கூட வருகிறவனுக்குக் கூலி போகும். ஆட்டை யார் பார்ப்பது? எனக்கு இனிமேல் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பல ஏழை நாடுகளில் ஆண்களை விடப் பெண்களுக்கே கண்புரை ஆபரேஷன் குறைவாகக் கிடைக்கிறது. வீட்டுச் செலவில் பாட்டியின் கண் கடைசி வரிசையில்தான் வரும்.

ஆபரேஷன் இலவசம் என்பதால் நோயாளிக்குச் செலவே இல்லை என்று ஆகாது. பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் இரண்டு மூன்று நாள் கூலி எல்லாம் உண்டு. கணக்குப் புத்தகம் ஆஸ்பத்திரியிடம் மட்டும் இல்லை, ஏழை வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதில் இலவச ஆபரேஷனுக்கும் ஒரு விலை உண்டு.

இதைப் புரிந்துகொண்ட பிறகே முகாமின் முறை மாறியது. முகாமில் பரிசோதனை மட்டும். ஆபரேஷன் தேவைப்படுபவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்ப ஊரிலேயே இறக்கிவிடுவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போவதால் பயமும் குறைந்தது. பள்ளிக்கூட வகுப்பறையை விட ஆபரேஷன் தியேட்டர் பாதுகாப்பு என்பதால் கிருமித் தொற்றும் குறைந்தது. நோட்டீஸை விட, ஏற்கனவே ஆபரேஷன் செய்துகொண்டவர் நேரில் வந்து சொல்வதற்கே மதிப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்துவிட்டால் வேறு விளம்பரம் எதற்கு?

எப்போதாவது வரும் முகாமுக்காகக் காத்திருக்காமல், தினமும் திறந்திருக்கும் சிறிய பார்வை மையங்களைச் சின்ன ஊர்களில் வைக்கும் முயற்சி 2004 முதல் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். தூரத்து மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ மூலம் நோயாளியோடு பேசுவார். இன்று அரவிந்துக்கு இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

இன்றைய நிலை

1986-89ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வையிழப்பு 1.49 சதவீதம். அதில் 80 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை. அளவுகோல்கள் இடையில் மாறியிருந்தாலும், 2015-19ல் எடுத்த கணக்கெடுப்பில் அது 0.36 சதவீதமாகக் குறைந்திருந்தது. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு இன்னும் மூன்றில் இரண்டு பங்கு காரணம் கண்புரைதான்.

1999ல் உலக சுகாதார நிறுவனமும் கூட்டு அமைப்புகளும் சேர்ந்து, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை 2020க்குள் ஒழிப்போம் என்று அறிவித்தன. 2020 வந்தது, போனது. 2019ல் அந்த நிறுவனம் வெளியிட்ட உலகப் பார்வை அறிக்கையின்படி, தடுத்திருக்கக்கூடிய அல்லது இன்னும் சரிசெய்யப்படாத பார்வைக் குறையோடு குறைந்தது 100 கோடிப் பேர் இருந்தார்கள். 2021ல் புதிய இலக்கு வைத்தார்கள். 2030க்குள், தேவைப்படுபவர்களில் நல்ல பலனோடு கண்புரை ஆபரேஷன் கிடைப்பவர்களின் பங்கை 30 சதவீதப் புள்ளிகள் உயர்த்த வேண்டும் என்பது அது. வெறும் எண்ணிக்கை போதாது, ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதில் சேர்த்திருப்பது நல்ல விஷயம். சோடாபுட்டிக் கண்ணாடி காலத்திலேயே கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7ஆம் தேதி மதுரையில் காலமானார். 11 படுக்கையில் தொடங்கிய மருத்துவமனை இன்று ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களையும் லேசர் சிகிச்சைகளையும் செய்கிறது. ஆரோலேப் வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

கண்புரைக்கு மருந்து 1747லேயே இருந்தது. நல்ல மருந்து 1949லேயே இருந்தது. அது ஒரு கிராமத்துப் பாட்டியிடம் வந்துசேர இன்னும் நாற்பது, ஐம்பது வருடங்கள் ஆயின. இடையில் நின்றது விலை. விலையைத் தாண்டிய பிறகும், கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்ற ஒரு சின்ன வாக்கியம் குறுக்கே நிற்கிறது. அதற்கு எந்தத் தொழிற்சாலையிலும் வில்லை செய்ய முடியாது. வீட்டில் கண் மங்கிய பெரியவர் இருந்தால், லீவு நாளில் ஒருமுறை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வரலாம். செலவு இரண்டு டிக்கெட்தான்.